துவாரகையின் மதுவிலக்கும் ஓசூர் எல்லையும்

மகாபாரதத்தின் பதினாறாவது பருவமாகிய மௌசல பருவத்தை நம் இல்லங்களில் எவரும் விரும்பிப் பாராயணம் செய்வதில்லை. கண்ணன் குலம் தன் கையாலேயே அழிந்த கதை அது. சாம்பனுக்குக் கர்ப்பிணி வேடமிட்டு முனிவர்களைக் கேலி செய்ததும், அவர்கள் சாபத்தால் இரும்பு உலக்கை பிறந்ததும், அதைப் பொடியாக்கிக் கடலில் கரைத்ததும் வாசக அன்பர்கள் பலமுறை கேட்டவையே. ஆனால் அதற்கு அடுத்தபடியாக வரும் ஓர் அரசாணையைப் பற்றி உபன்யாசங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அன்று முதல் துவாரகையில் எவரும் மதுவகை எதையும் காய்ச்சக் கூடாது. மீறி மறைவாகக் காய்ச்சுபவன் சுற்றத்தாருடன் கழுவேற்றப்படுவான். பலராமன், ஜனார்த்தனன் ஆகியோர் பெயராலேயே நகரெங்கும் பறையறைவிக்கப்பட்ட ஆணை அது. மக்கள் அஞ்சினார்கள், கீழ்ப்படிந்தார்கள்.

பின்னர் யாதவர்கள் பிரபாச தீர்த்தத்துக்கு யாத்திரை புறப்பட்டார்கள். புறப்படும்போதே உணவுவகைகளோடு மதுவும் சேர்ந்து சென்றது. கடற்கரையில் கூடாரமிட்டுக் குடித்தார்கள். சாத்யகி பழைய போர்ப் பழியைச் சொல்லிக் கிருதவர்மாவை இகழ, அவன் திருப்பிச் சொல்ல, வாள் உயர்ந்தது. கரையில் முளைத்திருந்த கோரைப்புல் ஒவ்வொருவர் கையிலும் உலக்கையாயிற்று. ஆணை துவாரகைக்குள் செல்லுபடியாயிற்று. பிரபாசம் துவாரகைக்கு வெளியே இருந்தது.

ஓசூரில் குடியிருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் ஜூஜூவாடி சோதனைச்சாவடி நினைவுக்கு வராமல் இராது. சந்திரசூடேஸ்வரர் மலைமீது ஏறி மரகதாம்பாளைத் தரிசித்துவிட்டு வடக்கே நோக்கினால், சிப்காட் தொழிற்சாலைக் கூரைகளுக்கு அப்பால் தெரிவது கர்நாடகம். இப்புறம் ஜூஜூவாடி, அப்புறம் அத்திப்பள்ளி. நடுவே ஓடுவது தேசிய நெடுஞ்சாலை. இரு மாநிலங்களிலும் மதுவின் விலை வேறு, வரி வேறு, தடை செய்யப்பட்ட பொருள்களும் வேறு. அங்கே காகிதப் பெட்டியில் அடைத்து விற்கும் மலிவு மது இங்கே பைகளில் வருகிறது. இங்கே தடை செய்யப்பட்டு, அங்கே கடையில் தொங்கும் மெல்லும் புகையிலையும் அதே வழியில் வருகிறது. எந்தப் பக்கத்துச் சட்டம் இறுகுகிறதோ, அந்தப் பக்கம் சரக்கு பாயும். எங்கள் பகுதியில் இது கணக்குப் பாடம் போலத் தவறாமல் நடப்பது.

இதில் ஒரு வியப்பு உண்டு. இந்தியாவில் சட்டபூர்வமான மதுவிலக்கு முதன்முதலில் வேரூன்றிய மண்ணும் இதுவே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் ராஜாஜி. அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தபோதே மதுவிலக்குக்கென்று ஒரு மாத இதழ் நடத்தினார்; கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் துணையாசிரியர். இதழின் பெயர் ‘விமோசனம்’. சாபத்திலிருந்து விடுபடுதலைக் குறிக்கும் சொல்லைக் குடியிலிருந்து விடுபடுதலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது, குடிப்பவனைக் குற்றவாளியாகக் கருதாமல் சாபத்துக்கு ஆளானவனாகக் கருதியதைக் காட்டுவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். பதவியேற்ற மூன்று மாதத்துக்குள், அக்டோபர் 1 அன்று, தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில் கள், சாராயக் கடைகளை மூடினார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் அனைத்தும் அடக்கம். மாவட்ட ஆட்சியர் டிக்ஸன் என்னும் ஆங்கிலேயர். அவரே இத்திட்டத்தை முனைந்து நடத்தினார் என்பது நம்மில் பலரும் அறியாதது.

போலீஸ் காவலோடு அந்தத் திட்டம் நின்றுவிடவில்லை. கடை மூடிய கிராமங்களில் மாலைப்பொழுதை எதனால் நிரப்புவது என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினார்கள். பஜனை, கூத்து, விளையாட்டு, சிக்கன சங்கம் என்று விடை தேடினார்கள். மரமேறுபவர்களின் பிழைப்புக்குப் பதநீரும் வெல்லமும் வழியாயின. அந்தக் காலத்திலேயே சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறை சேலம் மாவட்டத்துக் குடும்பங்களை ஆராய்ந்தது. குடிக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியதை அந்த ஆய்வு எழுதிவைத்திருக்கிறது.

ஆனால் ஒரு மாவட்டத்தை மட்டும் மூடினால் அடுத்த மாவட்டம் வாசலாகிவிடுமே! 1938-ல் சித்தூரும் கடப்பையும், 1939-ல் வட ஆர்க்காடும் சேர்க்கப்பட்டன. மேற்கே மட்டும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அது மைசூர் சமஸ்தானம். அங்கே கடைகள் திறந்திருந்தன. ஓசூர் தாலுகாவின் பிரபாசம் அன்றே இருந்தது.

வங்கியில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதுக்கடை வருவாய் போனதை ஈடுகட்டவே 1939-ல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவில் அத்தகைய வரி அதுவே முதல். பின்னர் மதுக்கடைகள் திரும்பி வந்தன. விற்பனை வரி திரும்பிப் போகவில்லை.

அதன் பிறகு நடந்தவற்றை நம் தலைமுறை கண்ணால் கண்டது. உலகப்போர்க் காலத்தில் விலக்கு தளர்ந்தது. 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971 ஆகஸ்டு 30-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. வேண்டாம் என்று முதலமைச்சர் கருணாநிதியை நேரில் சந்தித்து மன்றாடியபோது ராஜாஜிக்கு வயது 92. மறு ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பிறகு கடைகள் மூடின, திறந்தன, மீண்டும் மூடின. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. 2023-24-ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்தது ₹45,855 கோடி. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வருவாயை விட மனம் வருவதில்லை. வாடிக்கையாளர் நலிந்தாலும் வட்டி மட்டும் தவறாமல் வரும் கணக்கை எந்த மேலாளர்தான் முடித்துவைப்பார்?

ஆகவே மதுவிலக்கு வேண்டும் என்பதுதான் முடிவா? அவசரப்பட்டு விடை சொல்வதற்கு முன் 2008 மே மாதத்தை நினைவுகூர வேண்டும்.

தமிழகத்தில் மலிவுவிலைச் சாராயம் 1991-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கர்நாடகம் 2007 ஜூலை 1 முதல் சாராய விற்பனையைத் தடை செய்தது. கூலிவேலை செய்பவன் சில ரூபாய்க்கு வாங்கிக் குடித்த பொருள் எல்லையின் இரு புறமும் இல்லாமற் போயிற்று. அவனுடைய அடிமைத்தனம் மட்டும் அப்படியே இருந்தது. ஓராண்டு முடிவதற்குள் பெங்களூர், ஆனேக்கல், கோலார்ப் பகுதிகளிலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தார்கள். இரு மாநிலங்களிலுமாக நூறு பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள்.

அவர்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்பேட்டைகளில் வண்ணப்பூச்சு, கரைப்பான், பிசின் ஆகியவற்றுக்குப் பயன்படும் நியாயமான இரசாயனம் அது. பார்ப்பதற்குச் சாதாரணச் சாராயம் போலவே தெளிவாக இருக்கும். குடித்தவுடன் போதையும் தரும். உடலுக்குள் சென்றபின் ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகையால் குடித்தவன் நன்றாக உறங்கி, மறுநாள் எழுந்து கண் மங்குகிறது, வயிறு எரிகிறது என்பான். வீட்டார் அதைப் பழைய போதையின் மயக்கம் என்று எண்ணி மோர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். உயிரைக் காக்கக்கூடிய நேரம் அதிலேயே கழிந்துவிடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டதும் இதே மெத்தனால்தான். அங்கே அரசின் மதுக்கடை இல்லாமலில்லை. கடை இருந்தும் மலிவான நஞ்சை நாடிய ஏழைகள் இருந்தார்கள். கடையை மூடினால்தான் கள்ளச்சாராயம் வரும், திறந்தால் வராது என்ற வாதமும் அங்கே பொய்த்தது.

விலக்கினால் பயனே இல்லை என்பாரும் உண்டு. அதுவும் உண்மையன்று. 2016 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கில் இருக்கும் பிகாரில், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆண்களில் 15.5 விழுக்காட்டினர் குடிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். தமிழகத்தில் 25.4 விழுக்காடு. அமெரிக்காவிலும் 1920-ல் விலக்கு வந்தவுடன் குடியும் ஈரல் நோயும் குறைந்தன. கூடவே கடத்தல் கும்பல்கள் கொழுத்தன. 1933-ல் விலக்கைக் கைவிட்டார்கள். பிகாரிலும் 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் பலரைக் கொன்றது. புதிதாகக் குடிக்கத் தொடங்குபவனை விலக்கு தடுக்கிறது. ஏற்கெனவே அடிமையானவனை அது எல்லைக்கோ நஞ்சுக்கோ விரட்டுகிறது. நான் படித்தறிந்ததும் எங்கள் பகுதியில் கண்டதும் இந்த ஒரே கருத்துக்குத்தான் என்னைக் கொண்டுவருகின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பிகார் இளைஞர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். தாய் மண்ணில் கடையைக் காணாதவர்கள், இங்கே சம்பள நாளன்று கடை வரிசையில் நிற்பதைக் காணலாம். அவர்களுக்கு ஓசூரே பிரபாசம்.

புகையிலையையும் கஞ்சாவையும் பற்றி ஒரு சொல். கஞ்சா ஆந்திர–ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து இரயிலிலும் லாரியிலும் வருகிறது. காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்றே பெயரிட்டுத் தேடியும் ஓயவில்லை. வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையும் சேர்ந்திருக்கிறது. பேரன் பேத்தியருடன் வசிக்கும் நம் போன்றோர் அறிய வேண்டியது வேறொன்று: உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் சிறு புகையிலைப் பொட்டலம். தேநீர்ப் பையைச் சிறிதாக்கியது போல் இருக்கும். வாசனை மிட்டாய் போன்றது. பள்ளிப் பையிலோ சட்டைப் பையிலோ கண்டால் மிட்டாய் என்று எண்ணிவிட வேண்டாம். கண்டதும் கையை ஓங்கவும் வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்வானேயன்றி விடக் கற்றுக்கொள்ள மாட்டான்.

குடியின் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்று கேட்டால், வங்கியின் நகைக்கடன் பிரிவில் என்பேன். நான் பணியாற்றிய காலத்தில் ஒரே தாலிக் கொடி ஆண்டுக்கு மூன்று முறை அடகுக்கு வந்து மூன்று முறை மீட்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஆடியில் வரும், தீபாவளிக்கு மீளும், கார்த்திகையில் மறுபடி வரும். கையெழுத்திடும் பெண்மணியிடம் காரணம் கேட்க விதிமுறையில் இடமில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. “சார், இந்தப் பாஸ்புக் இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்கு வேண்டாம்” என்று ஒருவர் சொன்னார். வாடிக்கையாளரின் பாஸ்புக்கை வங்கியில் வைத்துக்கொள்வது முறையன்று என்று எடுத்துச் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அதைப் புடவை மடிப்பில் மறைத்துக்கொண்டு போனார்.

அத்தகைய பெண்களுக்குச் சட்டம் தராத ஒரு பலத்தை வேறொன்று தந்தது. தமிழகத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கப்பட்டது, ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேமிப்பு. அந்தப் பணம் குழுவின் பெயரில் இருந்ததால் கணவன் பிடுங்க முடியவில்லை. குழுவாகக் கூடிய பெண்கள் நாளடைவில் மதுக்கடையைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தபின், மூடிய கடைகளை ஊருக்குள்ளும் வயலோரமும் திறக்க முயன்றபோது, தமிழகமெங்கும் குறுக்கே நின்று மறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

இனி நம் சமயத்துக்குள் இருக்கும் ஒரு மதுவிலக்கைப் பார்ப்போம். கார்த்திகை முதல் நாள் ஐயப்பனுக்கு மாலை அணிகிறான் ஒரு தொழிலாளி. நாற்பத்தொரு நாள் குடியில்லை, புகையில்லை. எந்தக் காவலரும் அவனைப் பின்தொடர்வதில்லை. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனாலும் அந்த மாலை கழுத்தில்தான் இருக்கிறது. மேல்மருவத்தூர் செல்லும் சக்தி மாலையும் அவ்வாறே. இது எப்படி இயல்கிறது? குருசாமியின் சொல் ஒன்று. கூட நோன்பிருக்கும் பத்துப் பேர் என்ற துணை மற்றொன்று. மூன்றாவதை நாம் கவனிப்பதில்லை: அவனுடைய மாலை நேரம் நிரம்பியிருக்கிறது. குளியல், விளக்கு, சரணகோஷம், பஜனை, அன்னதானம் என்று கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அவனுக்கு வேலை இருக்கிறது. 1937-ல் சேலத்தில் தேடியதும் இதைத்தான்.

மாலையைக் கழற்றிய மறுநாள் அதே மனிதன் கடை வாசலில் நிற்கிறானே என்று கேட்பீர்கள். உண்மை. மலையிறங்கியதும் குருசாமி அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார், பஜனைக் குழு கலைந்துவிடுகிறது. விரதம் முடிந்ததோடு துணையும் முடிந்துவிடுகிறது. நாற்பத்தொரு நாளைக் கடந்தவனுக்கு நாற்பத்திரண்டாம் நாள் யார் துணை என்பதை எந்தக் குழுவும் யோசிப்பதாகத் தெரியவில்லை. 1935-ல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள முயன்ற இருவர் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பு இதையே அடிப்படையாகக் கொண்டது. தன்னைவிடப் பெரியதொரு சக்தியிடம் சரணடைவதும், இன்று ஒரு நாள் மட்டும் குடிக்கமாட்டேன் என்று கூட்டத்தில் சொல்வதும், கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும் அதன் வழி. நம் ஊர்களிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சில ஆலயங்களில் குடிப்பவரை அழைத்துவந்து சன்னிதியில் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டும் வழக்கம் உண்டு. நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கயிற்றால் மீண்ட குடும்பங்களும் உள்ளன. ஆயினும் பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று முற்றாக நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களுக்குள் கைநடுக்கம், உறக்கமின்மை, வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். பூச்சிகள் ஊர்வதாக அலறுவார். இதைச் சாமி குற்றம் என்றோ பேய் பிடித்தது என்றோ கருதி வீட்டில் கட்டிப்போடுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் ஊசியும் கொடுத்தால் சில நாள்களில் கடந்துவிடலாம். கயிறு கட்டும் முன்போ, கட்டிய அன்றோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை நோயாகக் கருதிச் சிகிச்சை தந்த முன்னோடி. மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை பெறலாம். 2019-ல் வெளியான எய்ம்ஸ் மருத்துவர்களின் நாடு தழுவிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைப்பதாகச் சொல்கிறது. மீதி 37 பேருக்கும் சேர்த்துத்தான் நாம் சட்டத்தைக் கேட்கிறோம்.

சட்டத்தில் கேட்க வேண்டியதும் உண்டு. இரு மாநிலங்களும் கலந்து பேசாமல் ஒரு பக்கம் மட்டும் மூடுவது ஓசூருக்கும் தளிக்கும் பேரிகைக்கும் புதிய கடத்தல்காரர்களைத்தான் தரும். கடைகளைப் படிப்படியாகக் குறைப்பதும், குறைக்கும் ஒவ்வொரு வட்டத்திலும் சிகிச்சைப் படுக்கைகளை முதலில் போடுவதும், மெத்தனால் பீப்பாய் தொழிற்சாலையிலிருந்து வெளியேறாமல் கணக்கு வைப்பதும் அரசின் வேலை.

நம் கோயில்கள் செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. பெரும்பாலான ஆலயங்களில் நண்பகல் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் திறக்கிறோம். இரவு எட்டரைக்குள் மறுபடி சாத்திவிடுகிறோம். அரசு மதுக்கடை நண்பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்து வரை இயங்குகிறது. தொழிற்சாலையின் முதல் ஷிப்டு முடிந்து பிற்பகலில் வெளியே வரும் தொழிலாளிக்குக் கோயில் வாசல் மூடியிருக்கிறது. சன்னிதிக்கு ஆகமப்படி நேரம் உண்டு. அதில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளி மண்டபத்துக்கும் திருமண மண்டபத்துக்கும் அந்த விதி இல்லை. மண்டபத்தைப் பிற்பகலில் திறந்துவைத்து, மோரோ சுக்குக் காப்பியோ கொடுத்து, வாரம் ஒரு நாள் மீண்டவர்களின் கூட்டத்துக்கும் மருத்துவரின் பேச்சுக்கும் இடமளிக்கலாம். ஐயப்ப பஜனைக் குழுக்களை மகர விளக்குக்குப் பிறகும் வாரந்தோறும் அங்கே கூடச் சொல்லலாம். இவ்விதழைப் படிக்கும் அன்பர்களில் அறங்காவலர்களாகவும் திருப்பணிக் குழுவினராகவும் இருப்போர் பலர். மின்கட்டணமும் ஒரு காவலாளியின் சம்பளமும் கூடுதலாக ஆகும். உண்டியல் வரவில் அது தாங்கக்கூடிய செலவே. அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.